கடைமடை ஊர்களில் தொண்டு: சேர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவாரூருக்குக் கிழக்கே, நாகப்பட்டினம் வரைக்கும், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் சில ஊர்களில் 'கிறிஸ்தவத் தொண்டு' என்ற பெயரில் நாங்கள் வேலை செய்கிறோம். கத்தோலிக்கப் பங்கு, லுத்தரன் சபை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம் என்று மூன்று பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்த ஆட்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு செவிலியர், ஒரு மளிகைக் கடைக்காரர் இப்படி. புதிதாக வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது.

என்னதான் செய்கிறீர்கள்?

மாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பு. வாரத்தில் ஒரு நாள் வீடு சந்திப்பு. அப்புறம், அலுவலகங்களுக்குத் துணைக்குப் போவது: தாலுகா ஆபீஸ், இ-சேவை மையம், அரசு மருத்துவமனை, வங்கி, சில நேரம் காவல் நிலையம். புயலோ வெள்ளமோ வந்தால் இதெல்லாம் நின்று வேறு வேலை தொடங்கிவிடும்.

துணைக்குப் போவது என்றதும் பலருக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இல்லை. ஒரு பெஞ்சில் பாதி நாள் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஆனால் எங்களைக் கேட்டால் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்போம். ஏழைக் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியது பல நேரம் சட்டத்திலும் திட்டத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் போய்க் கேட்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். விட்டுவிட்டுப் போனாலும், "நாளைக்கு வாங்க" என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுவார்கள். பக்கத்தில் இன்னொருவர் நின்று, "எந்த ஆவணம் குறையுதுன்னு எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டால் பேச்சு மாறும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. சேரலாமா?

தாராளமாக. இப்போதே அப்படிச் சிலர் இருக்கிறார்கள். மாதக் கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு சின்ன ஜெபம் உண்டு. அந்த நேரம் வெளியே நின்று டீ குடித்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உண்மையைச் சொல்லுங்கள். இது மதம் மாற்றுகிற வேலைதானே?

கேட்க வேண்டிய கேள்விதான். சிலர் சண்டைக்கு வருவது போலக் கேட்பார்கள், சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான்: இல்லை.

வாயால் 'இல்லை' என்றால் போதாது என்பதும் தெரியும். அதனால் சில விதிகள் வைத்திருக்கிறோம். நிவாரணப் பையில் அரிசி, பருப்பு, சோப்பு தவிர ஒரு துண்டுப் பிரசுரமும் போகாது. மாலைப் படிப்பில் ஜெபம் கிடையாது, பாட்டு கிடையாது. வீடு சந்திப்பில் அந்த வீட்டுக்காரர்களே கேட்டால் ஒழிய வேத வசனம் சொல்வதில்லை. உதவி வாங்கிய குடும்பத்தை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பதும் இல்லை; அவர்கள் கிறிஸ்தவக் குடும்பமாகவே இருந்தாலும் சரி.

தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் ஒன்று வந்தது, சில ஆண்டுகளிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் விதி இதுதான். பசியோடு இருப்பவரிடம் சோற்றைக் காட்டிச் சாமியைப் பற்றிப் பேசினால், அவர் 'சரி' என்று தலையாட்டுவதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. நம்புகிறவன் என்ற முறையிலேயே எனக்கு அது பிடிக்காத காரியம்.

இந்த விதிகளால் எங்கள் சபைகளிலேயே சிலருக்கு எங்கள்மேல் வருத்தம் உண்டு. "இவ்வளவு செய்றீங்க, சுவிசேஷம் சொல்லக் கூடாதா?" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சொல்லுங்கள், கதவு திறந்தே இருக்கிறது என்போம்.

அப்படியானால் 'கிறிஸ்தவத் தொண்டு' என்ற பெயர் எதற்கு?

நாங்கள் எதனால் இதைச் செய்கிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை என்பதால். அதோடு, இந்த மண்ணில் இதற்கு நீண்ட வழித்தடம் இருக்கிறது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் பள்ளிக்கூடம், பெண் பிள்ளைகளுக்கும் படிப்பு, அச்சுக்கூடம் எல்லாம் வந்துவிட்டன. திருச்சி புனித வளனார் கல்லூரி என்று இன்று சொல்கிறோமே, அது 1844-ல் தொடங்கியது நாகப்பட்டினத்தில்தான். 1883-ல்தான் திருச்சிக்குப் போனது.

எனக்குப் பிடித்தது தஞ்சாவூரில் இருந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பற்றிய செய்தி. 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சையில் கடும் பஞ்சம். நெல்லும் மாடும் கொண்டுவரச் சொன்னால் விவசாயிகள் அசையவில்லை. ராஜா சொன்னாலும் கிழக்கிந்தியக் கம்பெனி சொன்னாலும் பணம் வராது என்று அவர்களுக்கு அனுபவம். 'நான் பொறுப்பு' என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகு கொண்டுவந்தார்கள், அவரும் பணத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். சொன்ன நாளில் சொன்னதைச் செய்கிற ஆள் என்ற பெயர் அவருக்கு முன்பே இருந்தது.

இந்த வரலாற்றில் பெருமைப்பட முடியாத பக்கமும் உண்டு. ஆலயத்துக்குள் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சைக் கிறிஸ்தவர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். அந்த வியாதி முழுதாகப் போய்விட்டது என்று இன்றும் யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வேலையில் அது எங்கே இடிக்கிறது என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

மாலைப் படிப்பு எங்கே நடக்கிறது? யார் வருவார்கள்?

இடம் பிடிப்பதுதான் இதில் பெரிய தலைவலி. ஆலய மண்டபத்தில் வைத்தால் மற்ற மதத்துப் பெற்றோர் தயங்குவார்கள். ஊருக்குள் வைத்தால் காலனித் தெரு, அதாவது தலித் குடியிருப்புப் பிள்ளைகள் இருட்டியபின் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். காலனியில் வைத்தால் ஊர்த் தெருவிலிருந்து அனுப்ப மாட்டார்கள். காரணம் கேட்டால் 'தூரம்' என்பார்கள், அதே தூரத்தில்தான் ரேஷன் கடை இருக்கும். இரண்டு தெருவுக்கும் பொதுவாக ஊராட்சி நூலகமோ பள்ளித் தாழ்வாரமோ கிடைத்தால் அங்கே வைப்போம். கிடைக்காவிட்டால் காலனியில்தான். வருகிறவர்கள் வரட்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருகிறார்கள். எட்டாவது படிக்கும் பிள்ளைக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்றால் அதிர்ச்சி அடையாதீர்கள், அது சகஜம். அந்தப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புப் பாடத்தை நடத்துவதால் ஒரு பயனும் இல்லை. சத்தம் போட்டு வாசிப்பதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவும் தனியாக, கூடப் படிக்கிறவர்கள் சிரிக்காத இடத்தில். கணக்கு நன்றாக வரும் என்று பெருமையோடு வருகிற கல்லூரி மாணவர்கள் முதல் வாரமே திணறுவது இங்கேதான்.

பத்தாவது தேர்ச்சிக்கு நாங்கள் ரொம்ப அழுத்தம் கொடுக்கிறோம். மதிப்பெண்ணுக்காக இல்லை. டெல்டாவில் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ ஆள் போகாத தெரு குறைவு. பத்தாவது தேறாதவருக்குப் பொதுவாக, வேலைக்கு வெளிநாடு போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகைப் பாஸ்போர்ட்தான் கிடைக்கும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்த அனுமதி வேண்டிய நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. இந்த ஒரு தகவலைச் சொன்னதும் படிப்பே வேண்டாம் என்று சுற்றிய பையன்கள் சிலர் ஜூன், ஜூலை துணைத் தேர்வுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

எந்த மாதங்களில் ஆள் அதிகம் தேவை?

இங்கே எல்லாம் தண்ணீரையும் நெல்லையும் ஒட்டி நடக்கிறது. ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான தேதி. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும், சில ஆண்டு வராமலும் போகும். குறுவை, சம்பா, தாளடி என்று நடவும் அறுவடையும் இருக்கும் வாரங்களில் பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்கள். அப்போது படிப்புக்கு வராவிட்டால் திட்டக் கூடாது. வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கஷ்ட காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்கு மழை கொட்டும், வயல் வேலை இருக்காது, வேதாரண்யம் பக்கம் உப்பளங்கள் மூடிக் கிடக்கும். கடலோரத்தில் கணக்கு வேறு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அது முடிகிற நேரத்தில் பள்ளி திறந்துவிடும். நோட்டுப் புத்தகம், பை, செருப்பு என்று செலவு நிற்கும். தோடு அடகுக்குப் போவது அப்போதுதான்.

நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்த பிறகு நிலமில்லாத பெண்களுக்கு வேலை நாள் குறைந்துவிட்டது. 'வயல் வேலைதான் இருக்கிறதே' என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சொல்லும்போது அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீடு சந்திப்புக்குப் போனால் என்ன பேசுவது?

பேசாமல் இருக்கப் பழக வேண்டும்.

இரண்டு பேராகப் போவோம். பிரெடரிக் ஓசானாமும் நண்பர்களும் 1833-ல் பாரிஸில் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபையில் வீடு சந்திப்புக்கு இரண்டிரண்டு பேராகப் போகிற வழக்கம் உண்டு. நம் பங்குகளில் அந்தச் சபையில் இருக்கும் பெரியவர்களைப் பார்த்துத்தான் நாங்களும் கற்றுக்கொண்டோம். ஒருவர் பேச்சில் சிக்கிக்கொண்டால் இன்னொருவர் கவனிப்பார். ஒருவர் மனம் இளகி, முடியாத ஒன்றைச் செய்து தருவதாகச் சொல்லப் போனால் இன்னொருவர் காலை மிதிப்பார்.

திண்ணையிலோ வாசலிலோ உட்காருங்கள். உள்ளே கூப்பிட்டால் போங்கள். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள், கண்டிப்பாகக் குடியுங்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு அந்தத் தெருவில் வேறு அர்த்தம் இருக்கிறது. பெரியவர்களை அம்மா, ஐயா, பெரியம்மா, தாத்தா என்று கூப்பிடுங்கள். 'பயனாளி' என்ற சொல்லை அந்த வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். முதல் சந்திப்பில் பாரம் நிரப்ப வேண்டாம். வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஆரம்பித்தால் கணக்கெடுப்புக்கு வந்த ஆள் என்று நினைத்து அதற்கேற்ற பதிலைச் சொல்வார்கள். அடுத்த வாரமும் அதே இரண்டு பேர் போனால் பாதி விஷயம் தானாக வரும்.

அரிசி, மளிகை கொடுப்பது உண்டா?

உண்டு, ஆனால் கொஞ்சம். பழைய பிடியரிசி வழக்கத்தை வைத்திருக்கிறோம். சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, சேர்ந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுவருவது. ரேஷன் அரிசி வாங்குகிற வீட்டிலிருந்தும் வரும். நோயாளி இருக்கிற வீடு, தனியாக இருக்கும் முதியவர், சாவு விழுந்த வீடு என்று போகும். எல்லாருக்கும் வரிசையில் நிறுத்திக் கொடுப்பதில்லை. இரவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவோம்.

பழைய துணி கொடுக்கலாமா?

வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை சாலையோரங்களில் யாரும் எடுக்காமல் குவிந்து கிடந்த பழைய துணிகளைப் பார்த்தவர்கள் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் நேரத்தில் ஏதாவது நடத்தலாமே?

கேக் வெட்டி, புதுத்துணி கொடுத்து, படம் எடுக்கிற விழாதான் உங்கள் யோசனை என்றால், மன்னிக்கவும். டிசம்பர் 25-க்கு இந்த மாவட்டத்தில் இன்னொரு நினைவும் இருக்கிறது. 1968-ல் அதே இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தவர், பெண்களும் குழந்தைகளுமாக எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள், 26, சுனாமி நாள். 2004-ல் அது ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த திருப்பயணிகள் எத்தனையோ பேர் கடலோடு போனார்கள். அந்த இரண்டு நாளிலும் யார் வீட்டில் என்ன நினைப்பு ஓடும் என்று தெரியாமல் பலூன் கட்டப் போகக் கூடாது. பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய ஆசை என்றால் பொங்கல் கழித்து வாருங்கள், விளையாட்டுப் போட்டி வைப்போம். கைப்பந்து வலை கிழிந்து கிடக்கிறது.

கடன் அடைக்க உதவுவீர்களா?

பணமாக உதவுவதில்லை. அது எங்களால் முடியாது. முடிந்தாலும் அடுத்த வீட்டுக்குப் பதில் சொல்ல முடியாது.

குழுக்கடன்தான் இப்போது வீட்டுக்கு வீடு. ஒரு பெண் மூன்று, நான்கு நுண்கடன் கம்பெனிகளில் எடுத்திருப்பார். ஒன்றை அடைக்க இன்னொன்று. வாரத் தவணை நாளில் குழுத் தலைவி வீட்டு வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் விடமாட்டார்கள். நாங்கள் செய்வது ஒரு நோட்டை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எல்லாக் கடனையும் ஒரே பக்கத்தில் எழுதுவது. பல வீடுகளில் மொத்தத் தொகையை அவர்களே முதன்முதலாக அப்போதுதான் பார்க்கிறார்கள். புருஷனுக்குத் தெரியாத கடனும் அதில் இருக்கும், அதனால் அந்த நோட்டு யாரிடம் இருக்கும் என்பதை அந்த அம்மாதான் முடிவு செய்ய வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிப்படி குடும்பத்தின் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு வசூல் ஆளிடம் அமைதியாகச் சொன்னாலே தொனி மாறும். தனியாரிடம் வாங்கிய கந்துவட்டி என்றால் 2003 சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்துக்குத் துணைக்கு வருவோம். அவர் தயார் என்றால் மட்டும். அந்த ஊரில் நாளைக்கும் குடியிருக்கப் போகிறவர் அவர்தான்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் குழப்பமாக இருக்கிறது. கொஞ்சம் சொல்ல முடியுமா?

1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக இருக்கும் தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் இல்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். வேலை, தொகுதி இடஒதுக்கீட்டில் இது பெரிய இழப்பு, அநியாயம் என்றே நினைக்கிறோம். ஆனால் கல்வி உதவித்தொகை போன்ற சில மாநிலத் திட்டங்கள் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் உண்டு. இது தெரியாமலே விண்ணப்பிக்காமல் விடுகிற வீடுகள் நிறைய.

கூடவே கேட்க வேண்டியவை: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1000 ரூபாய். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ். அப்பா கொத்தனாரோ சித்தாளோ என்றால் நலவாரிய அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும்.

பையன்கள் குடி, பைக் என்று சுற்றுகிறார்கள். அவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்?

அறிவுரை சொல்வதில்லை. அது அவர்களுக்கு வீட்டில், பள்ளியில், கோயிலில் என்று தாராளமாகக் கிடைக்கிறது. கைப்பந்து ஆடுகிறோம், ஆடி முடித்து உட்கார்ந்து பேசுகிறோம். வேலை, வெளிநாடு, காதல் எல்லாம் அங்கேதான் வரும். வெளிநாட்டு வேலை என்று ஏஜென்ட் பணம் கேட்டால், அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று போனிலேயே பார்த்துச் சொல்கிறோம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். நிலத்தை அடகு வைத்து லட்சங்கள் கொடுக்கப் போகிற பையனுக்கு இதைச் சொல்லும்போது அவனுக்கு நம்மேல்தான் கோபம் வரும். பரவாயில்லை.

பெண் பிள்ளைகளுக்குத் திருப்பூர், கோவை, திண்டுக்கல் பக்கத்து மில்கள். ஆள் பிடிக்கிற தரகர் தெருவுக்குள் வந்தால் மில்லின் பெயர், விடுதி விதி, போன் வைத்துக்கொள்ளலாமா, நினைத்தபோது வீட்டுக்கு வரலாமா என்று கேளுங்கள். மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாகப் பணம் என்ற பேச்சு வந்தால் எச்சரிக்கை. 'சுமங்கலித் திட்டம்' என்று பேர் வாங்கியது அதுதான்.

தேர்வு முடிவு வரும் நாளில் எல்லாத் தன்னார்வலர்களும் வேலைக்கு வர வேண்டும். தவறிய பிள்ளைகள் வீட்டுக்கு அன்றைக்கே போவோம். மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கான 104, 14416 உதவி எண்கள் இரண்டும் உங்கள் போனில் இருக்கட்டும்.

ஒரு குழந்தைக்கு ஏதோ தவறு நடப்பதாகச் சந்தேகம் வந்தால்?

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். முதலில் பங்குச் சாமியாரிடமோ போதகரிடமோ எங்களிடமோ சொல்லி அனுமதி வாங்க வேண்டியதில்லை. பாலியல் குற்றம் என்றால், 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். 'நம்ம சபைப் பெயர் கெட்டுவிடும்' என்று யாராவது சொன்னால் அவரை அந்த நிமிஷத்திலிருந்து குழுவில் வைத்திருக்க மாட்டோம். பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்றாலும் அதே 1098, இல்லையென்றால் மாவட்டச் சமூக நல அலுவலர்.

நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியவை: எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பைக்கில் தனியாக ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. ராத்திரி வாட்ஸ்அப் அரட்டை கூடாது. முகம் தெரியும் படம் எங்கும் போடக் கூடாது. பிள்ளையைக் 'கொண்டுபோய் ஒரு ஹோமில் சேர்த்துவிடலாம்' என்று நல்ல மனதோடு சொல்வார்கள். கூடாது. அதை முடிவு செய்ய மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. பதிவில்லாத இல்லம் நடத்துவது 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி தண்டனைக்குரியது. அதைவிட முக்கியம், வறுமையால் மட்டும் ஒரு பிள்ளை அம்மாவை விட்டுப் பிரியக் கூடாது. அந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள்.

புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்றால் சமாதானம் பேசுவீர்களா?

இல்லை. 'அனுசரித்துப் போம்மா, ஜெபம் பண்ணு' என்று சொல்கிற ஆட்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். பெண்கள் உதவி எண் 181-க்கு அழைப்போம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ன் கீழ் மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் உண்டு, அங்கே கூடப் போவோம். திரும்பிப் போவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. திரும்பிப் போனாலும் எங்கள் வீடு சந்திப்பு நிற்காது.

புயல் வந்தால் உடனே கிளம்பி வரலாமா?

போன் செய்துவிட்டு வாருங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரம் போனது. அப்போது வேண்டியிருந்தது தார்ப்பாய், கொசுவலை, மெழுகுவர்த்தி, ஜெனரேட்டர், மரம் அறுக்கும் ரம்பம், அதைப் பிடிக்கத் தெரிந்த கை. முதல் வாரம் வண்டி வண்டியாகச் சாமான் வரும், அதுவும் பெரிய சாலையை ஒட்டிய ஊர்களுக்கே மறுபடி மறுபடி. உள்ளே இருக்கிற தெருக்களுக்கு யார் போகிறார்கள் என்று பட்டியல் வைப்பதுதான் எங்கள் வேலை. இழப்பீட்டுக் கணக்கெடுப்பு நடக்கும்போது, குத்தகைக்குப் பயிர் வைத்தவரும் புறம்போக்கில் குடிசை போட்டவரும் விடுபட்டுப் போவார்கள். அதற்கு ஆள் தேவைப்படுவது இரண்டாவது மாதம். அப்போது வர முடியுமா என்று யோசியுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். பணம் அனுப்பலாமா?

உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியாக இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புதான் வாங்கலாம். எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை. மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கங்களை விசாரித்துப் பாருங்கள். யாருக்குக் கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்துக்குக் கொடுக்காதீர்கள்.

வேளாங்கண்ணிப் பாதயாத்திரை நேரத்தில் உதவலாமா?

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பிருந்தே காவி உடையில் கூட்டம் கூட்டமாக நடந்து வருவார்கள். தண்ணீர், காலுக்கு மருந்து, இரவில் முதுகுப் பையில் ஒட்ட ஒளிரும் பட்டை. இரவு நடப்பவர்களை லாரி மோதுகிற ஆபத்து இருப்பதால் அந்தப் பட்டைதான் முக்கியம். செப்டம்பர் 8 வரை எந்த நாளும் வரலாம்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

இரண்டு மணி நேரம் போதும், ஆனால் அதே கிழமை, அதே நேரம், ஒரு வருஷத்துக்காவது. வாரம் முழுக்க வந்துவிட்டு இரண்டாவது மாதம் காணாமல் போகிறவர்களால் பிள்ளைகளுக்குக் கஷ்டம். வர முடியாத நாளில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்களிடம் இல்லை, பிள்ளைகளிடம்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

ஆதார் நகல், உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பெயர், போன் எண். அவர்களிடம் விசாரித்த பிறகுதான் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு விடுவோம். சாமியாரின் தம்பியாக இருந்தாலும் இதே நடைமுறை. பேனா, டார்ச், மழைக்காலம் என்றால் குடை. கடைசிப் பேருந்து சீக்கிரம் போய்விடும், அதனால் திரும்ப வண்டி ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள். மிட்டாய் வாங்கி வராதீர்கள். ஒரு நாள் வாங்கி வந்தால் அடுத்தடுத்த வாரமும் கேட்பார்கள், உங்களுக்கு அடுத்து வருகிற தன்னார்வலரிடமும் கேட்பார்கள்.